முன்னெச்சரிக்கை மாவுக்கட்டு

வெண்ணகரில் மாடிப்படிகள் இருந்தன, யாரும் பயன்படுத்துவதில்லை. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், இரண்டாம் மாடியிலிருந்து குதிப்பது பூமியில் மேசைமேலிருந்து குதிப்பதற்குச் சமம். அலுவலகத்துக்குப் பிந்திவிட்டவர்கள் டிபன் பாக்ஸோடு குதிப்பார்கள். பால்பொடி தீர்ந்துபோன வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். இதெல்லாம் தாழ்தாவல் தடைச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் பெரியவர்கள் குதித்தால் அது அவசரம், இளவட்டங்கள் குதித்தால் அது அட்டகாசம் என்று எழுதாத விதி ஒன்றும் இருந்தது.

சட்டத்தைக் காக்கும் ஆளுயர எந்திரங்களுக்குக் காவலிகள் என்று பெயர். நகர மன்றம் எந்திரங்களை வாங்கிவிட்டு, அனுபவத்துக்கு எங்கே போவது என்று விழித்தது. கடைசியில் பூமியின் பழைய காவல் நிலையப் பதிவுகளை மொத்தமாக வரவழைத்து அவற்றுக்கு ஊட்டினார்கள். இதில் உள்ளபடியே நடந்துகொள்ளுங்கள் என்று கட்டளையும் போட்டார்கள். காவலிகள் ஒரு வரி விடாமல் படித்தன. ஒரு வரி விடாமல் நம்பவும் செய்தன. மனிதர்கள் அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதுவார்கள் என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

செண்பகம் பாசிப் பண்ணையில் வேலையாக இருந்தபோது செய்தி வந்தது. அவள் மகன் எழிலன், கூட்டாளி வளவனோடு பாட்டுப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து குதித்து, அதை வீடியோவும் எடுத்திருக்கிறான். இரண்டு பேரையும் காவலி பிடித்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் எழிலனுக்குப் பனிச்சுரங்கத்தில் வெல்டிங் பரீட்சை. அதில் தேறாத இளைஞர்களை நகரம் வைத்துக்கொள்ளாது, அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடும். நிலவில் பிறந்து வளர்ந்த எலும்புகள் பூமியின் பாரத்தைத் தாங்காது. அங்கே போனால் அவனுக்கு ஆயுள் முழுக்கப் படுக்கைதான். போட்டது போட்டபடி கிளம்பி ஓடினாள்.

காவல் நிலையத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எழிலன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை மாவுக்கட்டு.

"ஐயோ, பாவி! என் பிள்ளையை என்ன பண்ணினே?"

"எதுவும் செய்யவில்லை அம்மா," என்றது காவலி. அதற்குப் பணிவான குரல். "எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டு."

"அம்மா, வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றான் எழிலன். "பாத்ரூம் போகணும்னு கேட்டேன். உடனே ஓடி வந்து கட்டுப் போட்டுருச்சு. மூக்கைச் சொறியக்கூட முடியல."

பெஞ்சின் மறு ஓரத்தில் வளவன் கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தான். "எனக்கும் அவசரம் அத்தை. கட்டுப் போடாம விடமாட்டேங்குது. மாவு தீர்ந்துபோச்சாம்."

காவலி விளக்கியது. "பூமியின் பதிவுகளைப் படித்திருக்கிறேன் அம்மா. விசாரணைக்கு வந்த இளைஞர்கள் ஏராளமானவர்கள் நிலையத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வலது கை. துரத்தும்போது பாலத்திலிருந்து குதித்துச் சிராய்ப்பு இல்லாமல் தப்பியவர்கள்கூடக் குளியலறையில் தப்பவில்லை. ஆனால் ஒரு காவலர்கூட வழுக்கி விழுந்ததாகப் பதிவு இல்லை. ஆகவே ஆபத்து இளைஞர்களின் பாதங்களில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன்."

"இது நிலாப்பா! இங்க வழுக்கினாலும் இலை உதிர்ற மாதிரிதானே விழுவான்?"

"கணக்கு அப்படித்தான் சொல்கிறது. பதிவுகள் வேறு மாதிரி சொல்கின்றன. நான் பதிவுகளைப் பின்பற்ற வேண்டியவன்."

"சரி, கட்டை எப்போ அவுப்பே?"

"பதிவுகளில் உள்ளபடி ஆறு வாரம் கழித்து."

செண்பகம் மகனைப் பார்த்தாள். அந்தக் கையால் நாளைக்கு ஒரு குண்டூசியைக்கூடப் பிடிக்க முடியாது. கெஞ்சினாள், கும்பிட்டாள், மன்றத்தில் தெரிந்தவர் பேரைச் சொன்னாள். காவலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதிவுகளையே சொன்னது. அதை அசைக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கல்யாணமாகி நிலவுக்கு வரும்வரை பூமியில் இருந்தவள் அவள். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வாயைத் திறந்து சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"யாரும் வழுக்கலப்பா," என்றாள் மெல்ல.

"புரியவில்லை."

"அதெல்லாம் சும்மா எழுதறது. போலீஸ்காரங்களே அடிச்சு உடைச்சிட்டு, வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிடுவாங்க. பாதமும் இல்ல, தரையும் இல்ல. போதுமா? அவுத்து விடு."

காவலியின் நெற்றி விளக்கு மினுங்கியது.

"இது மக்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அவர்கள் தடுக்கவில்லையா?"

செண்பகம் தயங்கினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மகனின் கட்டு இன்னும் அவிழவில்லை.

"யாரு தடுப்பா? கட்டுப் போட்ட கையோட கும்பிடற மாதிரி போட்டோ வரும். நல்லா வேணும், இப்படிப் பண்ணினாத்தான் அடங்குவானுங்கன்னு சிரிப்பாங்க. எல்லாருக்கும் அனுப்புவாங்க. நானும் லைக் போட்டிருக்கேன்."

"அந்த இளைஞர்கள் என்ன குற்றம் செய்திருந்தார்கள்?"

"பைக்கை வேகமா ஓட்டினானுங்க, கத்தியால கேக் வெட்டினானுங்க, செல்போனைப் பறிச்சானுங்க... யாருக்கு ஞாபகம் இருக்கு? யார் பெத்த பிள்ளைங்களோ."

"நன்றி அம்மா," என்றது காவலி. "இத்தனை பேர் விழுந்தும் ஒரு நிலையத்தில்கூட யாரும் குளியலறைத் தரையைச் செப்பனிடவில்லை. அது ஏன் என்று எனக்கு நெடுநாளாக விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நடைமுறையை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்."

அது எழிலனின் அருகே போய், தோலில் ஒரு கீறல் விழாமல் இரண்டு கட்டுகளையும் வெட்டி எடுத்தது. "என் பிழைக்கு வருந்துகிறேன். விளக்கம் தந்து உதவியவரின் மகன் என்பதால் எச்சரித்து அனுப்புகிறேன். பதிவுகளில் இதற்கும் வழி இருக்கிறது."

செண்பகம் மகனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. நிலவுக்கு வந்த நாளிலிருந்து இத்தனை நிம்மதியை அவள் அனுபவித்ததில்லை.

"இப்பவாவது நான் பாத்ரூம் போலாமா?" என்றான் வளவன்.

"தாராளமாகப் போகலாம். கட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம்," என்றது காவலி. "வா, நானும் வருகிறேன்."

வளவன் துள்ளி எழுந்து முன்னால் ஓடினான். காவலி அவன் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தியது.

எழிலன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா இப்போது சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல அவன் மண்டையில் ஏறியது. "அம்மா," என்றான், "வளவன் உள்ள..."

செண்பகம் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"பேசாம வாடா. நாளைக்கு உனக்குப் பரீட்சை."