சமீருக்கு விழவேண்டிய மாலை

நிமிர்ந்தாள்... அந்தக் கண்களைப் பார்த்தாள்... மரினா மாலையைப் போட்டுவிட்டாள்.

"ஐயோ... நான் இல்லைங்க!"

பெரிய ஓவியமொன்றை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு நின்ற தாடிக்காரன் தமிழில் அலறினான். அதுவும் மைக்குக்கு நேராக.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்த அந்த மண்டபம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு விசில். அதன்பிறகு சிரிப்பு... நாற்காலிகள்கூடச் சிரிப்பது போலிருந்தது அவளுக்கு.

அன்று தமிழ்ச் சங்கம் சிரியாவிலிருந்து வந்த இருவரைக் கௌரவித்துக்கொண்டிருந்தது. பேச ஆளில்லாத டேனிஷ் முதியவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சமைத்துப்போடும் ஹாலா. தன் ஓவியங்களை விற்று, புதிதாய் வரும் அகதிப் பிள்ளைகளுக்குக் குளிர்க்கோட்டு வாங்கிக்கொடுக்கும் சமீர்.

"நாங்கள் வந்திறங்கேக்க எங்களை ஆரும் மேடையில ஏத்தேல்லை. இவையளை நாங்கள் ஏத்துவம்," என்று தொடங்கிவைத்தவர் சங்கத் தலைவர் நிக்கலஸ், மரினாவின் அப்பா. கார்னேஷன் பூக்களைக் கோர்த்து மாலை கட்டியவள் மரினா. சமீரை முன்பின் பார்த்திராதவளும் அவளேதான்.

உண்மையான சமீர் அந்நேரம் காரிலிருந்து இன்னொரு ஓவியத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது. மழுமழுவென்ற முகம். கழற்றிய மாலையை விருந்தினருக்குப் போடுவது மரியாதையா? அவசரமாகப் பொன்னாடை போர்த்தினார்கள். சமீர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாலை அவனிடமே இருக்கட்டும். ஒடென்சேயிலிருந்து என்னை ஏற்றிவந்தவன், என் பக்கத்து வீட்டு ராகவேந்திரன்," என்றார் டேனிஷில்.

சமையலறையில் மரினா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வாய் இல்லையே? முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"இருந்துச்சுங்க. நீங்க நிமிர்ந்து பாத்தீங்க... அப்புறம் அது எங்க போச்சுன்னே தெரியல."

சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத சிரிப்பு... அதை அவள் கடித்து விழுங்குவதற்குள் மேரிகிறேஸ் அன்ரி எட்டிப்பார்த்தார்.

"எடியே மரினா, கலியாணக் காட் அடிக்காமலே மாலையைப் போட்டிட்டாய்! நான் எடுத்த வீடியோ கனடா வரைக்கும் போயிட்டுது. மாப்பிளை என்ன வேலையெண்டு கேக்கினம்!"

அன்ரி போனதும் மரினாவின் கண்கள் கலங்கின.

"எனக்கு ஒருத்தரைப் பிடிச்சால், நானாப் பாத்து நானாச் சொல்லவேணும் எண்டு இருந்தனான். இப்ப ஊர் முழுக்க எனக்காகச் சொல்லிப்போட்டுது. இனி என்ர கண்ணில படாதேங்கோ!"

ராகவேந்திரன் நேரே மேடைக்குப் போனான்... மைக்கைப் பிடித்தான்.

"மன்னிச்சிடுங்க. ஆள் மாறிப்போச்சு, அவ்வளவுதான். மரினா என்னைத் தேர்ந்தெடுக்கல. அவங்களை யாரும் கிண்டல் பண்ணாதீங்க. கட்டாயம் பண்ணணும்னா நான் இருக்கேன், தாடியோட."

கைதட்டல். மேரிகிறேஸ் அன்ரிகூடத் தலைகுனிந்து, வீடியோவை அழித்தார். மரினா கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு ஏன் நெஞ்சுக்குள் இப்படி ஒரு... சே!

சமீரைக் கூட்டிப்போக அவன் காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். வெளியே மழை. ஹொல்ஸ்டெப்ரோவில் மழை பெய்யக் காதலர்கள் தேவையில்லை, சும்மாவே பெய்யும். குடையை மறந்து ஓடியவள் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவன் பதறி இறங்கினான்.

"ஆரைக் கேட்டு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உண்மையத்தானே சொன்னேன்? நீங்க என்னைத் தேர்ந்தெடுக்கலையே..."

"மேடையில தேர்ந்தெடுக்கேல்லை."

அவன் இமை முடிகளில் மழைத்துளிகள்... அவற்றுக்குப் பின்னால் அந்தக் கண்கள்...

"இப்ப எனக்கு ஆரும் சொல்லித்தரேல்லை. நானாத்தான் சொல்லுறன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கு வாசல்லயே பிடிச்சுப்போச்சுங்க... வர்றவங்க எல்லாரையும் 'செருப்பைக் கழட்டுங்கோ'ன்னு அதட்டினீங்களே, அப்பவே," என்றவன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். "மரினா... ஜன்னல்."

மண்டபத்து ஜன்னல்கள் முழுக்க முகங்கள். அன்ரிமார், அப்பா, ஹாலா, பொன்னாடையோடு சமீர்.

மரினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நனைந்த கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கட்டும். நான்தான் முதல் சொன்னனான்!"