முப்பத்தொன்றில் நிற்காதே

பியூலா வந்தபோது ஞானதுரை ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பம்புசெட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். உடைந்த இயந்திரங்களைப் பார்த்து, ஏன் உடைந்தன என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முப்பது வருடம் எழுதிக் கொடுத்தவர். பக்கத்தில் ஒத்தாசைக்கு மாஜிதா இருந்தாள். ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறவள், நாற்பது வயதுக்காரி. எதற்கும் முந்திக்கொண்டு பேசுவாள்.

"சார், எங்க வீட்டுக்காரரைக் கொலைகாரர்ங்காவ," என்றாள் பியூலா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "போல்ட்ட முறுக்காம விட்டாவளாம். ஒரு நட்டு லூசுன்னா அவியளுக்குச் சோறு எறங்காது சார்! சாயங்காலம் ரிமாண்டு பண்ணப் போறாவளாம்."

நடந்தது இதுதான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. உள்ளே ஈரக்காற்றைத் தள்ள இரண்டு ராட்சத ஃபேன்கள், இரண்டாள் உயர இரும்பு மேடைகளில். நேற்றுப் பகலில் ஒரு மேடையின் போல்ட்டுகள் அறுந்து ஃபேன் சரிந்தது. கீழே கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த மம்சாபுரத்து அழகுத்தாய் அங்கேயே செத்துப்போனாள். இன்று காலையில் பியூலாவின் புருஷன், ஃபிட்டர் பெலிக்ஸைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பெரிய இடத்தில் ஒன்று உடைந்தால் சின்ன ஆளின் சட்டையைப் பிடிப்பதில் நம்மூரில் ஒரு நாள்கூடத் தாமதம் ஆவதில்லை.

"அந்த ஃபேனைப் பத்தி அவிய என்னமோ சொல்லிப் பாத்தாவளாம். யாரும் காதுல வாங்கலையாம். பாருங்க சார், ஆயுத பூஜைக்கு அது பக்கத்துல நின்னு எப்படிச் சிரிக்காவன்னு."

செல்போனை நீட்டினாள். ஞானதுரை படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "போனைப் பத்திரமா வச்சுக்கோ. எங்ககூட வா," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. மாஜிதா பக்கத்து ஜன்னல் கண்ணாடி டகடகவென்று அடித்தது. "டிரைவர் அண்ணே, இந்தக் கண்ணாடியக் கழத்தியாவது எறியுங்க, காது போயிரும் போல!" என்று கத்தினாள். பஸ் வேகம் பிடித்ததும் கண்ணாடி தானாக அடங்கிவிட்டது. ஞானதுரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மில்லின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கருத்தையாவின் டீக்கடை. அந்தச் சுவரின் உட்பக்கத்தில்தான் விழுந்த ஃபேனின் மேடையைப் பிணைத்திருந்தார்கள். ஞானதுரை டீ சொல்லிவிட்டு, கிளாஸ் அடுக்கிய பலகையில் கோணி விரித்திருப்பதைக் காட்டி ஏன் என்று கேட்டார்.

"அதை ஏன் கேக்கீக! முன்னெல்லாம் ஃபேன் போடும்போது ஒரு டீ ஆத்துற நேரம் கிளாஸு கிணுகிணுக்கும், பொறவு அடங்கிரும். ஆயுத பூஜை கழிஞ்சதுலருந்து பாழாப்போனது நாள் பூரா ஆடுச்சு. ஏழு கிளாஸ் போச்சு."

மில்லுக்குள் மேனேஜர் கௌதம்ராஜும் இன்ஸ்பெக்டர் சேதுபதியும் நின்றிருந்தார்கள். பழைய இன்சூரன்ஸ் கேஸ்களில் ஞானதுரையை அறிந்த சேதுபதி, பார்க்கட்டும் என்று உள்ளே விட்டார். கௌதம்ராஜின் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. ஒரு பொம்பளை செத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை!

"வேகக் குமிழ்ல அம்பது வச்சு ஓடுன ஃபேன் சார். கரண்டு மிச்சமாகட்டும்னு பூஜைக்கு மறுநாள் நான்தான் இதை மட்டும் முப்பத்தொண்ணுக்கு இறக்கச் சொன்னேன். வேகமா ஓடும்போது உடையாத மேடை மெதுவா ஓடும்போது எப்படி உடையும்? நட்டு லூசா இருந்திருக்கு, அவ்வளவுதான். எங்கிட்ட யாரும் எதுவும் சொன்னதில்லை."

சேதுபதி தலையாட்டினார். மாஜிதாவுக்கே ஒரு கணம் மனசு தடுமாறியது. "அண்ணாச்சி, அவரு சொல்லுறது நியாயமாத்தானே படுது?" என்று கிசுகிசுத்தாள்.

"போல்ட்ட எடுத்துப் பாரு," என்றார் ஞானதுரை.

எடுத்துப் பார்த்தாள். நட்டு இறுக்கமாகவே இருந்தது. போல்ட்டுதான் இரண்டாக அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்து வழவழப்பாகவும், ஓரத்தில் மட்டும் பளபளவென்று புதிதாகவும் இருந்தது. "இது ஒரே நாள்ல அறுந்ததில்ல. கொஞ்சங்கொஞ்சமா விரிசல் விட்டிருக்கு!" என்றாள்.

ஞானதுரை மில்லை ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லா இயந்திரத்திலும், எல்லா ஸ்விட்ச் பெட்டியிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. விழுந்த ஃபேனின் ஸ்விட்ச் பெட்டி மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. கிட்டே போனால் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாடை அடித்தது.

மூன்று மணிக்கு எல்லோரையும் இரண்டாவது ஃபேன் முன்னால் கூட்டினார். அதே ஃபேன், அதே அளவு மேடை. கீழே ஒருவரும் போகாதபடி கயிறு கட்டச் செய்தார். மேடையின் அடிக்காலில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு மாஜிதாவை வேகக் குமிழருகே நிறுத்தினார்.

"இருபது வை."

ஃபேன் சுற்றியது. தண்ணீர் அசையவில்லை.

"முப்பத்தொண்ணு."

மேடை முனகியது. டம்ளர் தடதடவென்று ஆடித் தண்ணீரைக் கக்கியது. நின்றவர்களின் உள்ளங்காலில் அதிர்வு ஏறியது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"ஏத்து, ஏத்து! அம்பதுக்குப் போ!"

எல்லாம் அடங்கிவிட்டது. மிச்சத் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு ஞானதுரை திரும்பினார்.

"வேகம் கூடக்கூடத்தான் ஆட்டம் கூடும்னு நெனச்சீங்க. அப்படியில்ல. எந்தச் சாமானுக்கும் ஆடுறதுக்குன்னு சொந்தமா ஒரு கணக்கு உண்டு. ஃபேனோட ஒவ்வொரு சுத்தும் மேடையை ஒரு தள்ளு தள்ளுது. அந்தத் தள்ளு மேடையோட கணக்குக்குச் சரியா விழுந்தா, ஒவ்வொண்ணும் முந்தின ஆட்டத்தோட சேந்துக்கிடும். பள்ளிக்கூடப் புத்தகத்துல ஒத்ததிர்வுன்னு இருக்கும். நிக்கிற பஸ்ஸுல அடிக்கிற கண்ணாடி, வேகம் எடுத்ததும் அடங்குதே, அதேதான். இந்த மேடைக்கு அந்த எடம் முப்பத்தொண்ணு. சட்டுன்னு தாண்டிப் போனா ஒண்ணுமில்ல, ஒரு டீ ஆத்துற நேரம் கிளாஸு ஆடும். அங்கயே நாள் பூரா நிறுத்துனா, எம்புட்டு முறுக்குன போல்ட்டும் அறுந்துரும்."

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் கௌதம்ராஜ். "நான் என்ன ஃபிட்டரா?"

இந்த இடத்தில்தான் ஞானதுரையின் குரல் மாறியது.

"மில்லு பூரா பூஜைப் பொட்டு இருக்கு. அந்த ஒரு பெட்டியில மட்டும் இல்ல. அடுத்த பூஜை வரைக்கும் அதைத் துடைக்க இங்க யாருக்கும் கை வராது. அப்போ துடைக்க நெனச்சது பொட்டை இல்ல. அது பக்கத்துல இருந்த வேற எதையோ. பியூலா, போனைக் குடும்மா."

சேதுபதி படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்தில் பெலிக்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான். நடுவில் கௌதம்ராஜ், ஒரு கையில் சூடத் தட்டு, மறு கையால் ஸ்விட்ச் பெட்டியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். விரலுக்கு நேர் மேலே, சிவப்புப் பெயிண்டில், பெலிக்ஸின் கொழுக்கு மொழுக்குக் கையெழுத்து: "31-ல் நிற்காதே. மேடை ஆடும்."

"மறுநாளே அதே முப்பத்தொண்ணுல கொண்டுபோய் நிறுத்தியிருக்கீரு!" மாஜிதா கத்தியேவிட்டாள். "அந்த மனுசி விழுந்து கெடக்கையில தின்னரும் துணியும் தேடிப் போயிருக்கீரே, நீரெல்லாம் மனுசனா ஓய்!"

"அது... ஃபிட்டர் பேச்சுன்னு நான் பெருசா எடுத்துக்கலை..." என்றார் கௌதம்ராஜ். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சேதுபதி ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பெலிக்ஸை விடச் சொல்லிவிட்டு, மேனேஜரை ஜீப்புக்கு நடக்கச் சொன்னார்.

பியூலா சிரிக்கவில்லை, அழவுமில்லை. வழியை மறித்துக்கொண்டு கௌதம்ராஜின் முன்னால் போய் நின்றாள்.

"அழகுத்தாய் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்," என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்."

பிறகு போனை வாங்கிக்கொண்டு புருஷனைக் கூட்டிவரப் போனாள்.