ஆற்று நடுவே ஒரு வெள்ளைக் கட்டம்

மூன்று வருடம் கழித்து நான் அந்த அலுவலகத்துக்குத் திரும்பிய அன்று, வாசலிலேயே வதந்தி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. எந்த உத்தரவும் உரியவர் கைக்குப் போகும் முன் அவன் காதுக்குப் போய்விடுவதால், பிரிவு முழுக்க அவனை அப்படித்தான் கூப்பிடும். அவன் வரைவாளன், நான் பொறியாளர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“வாங்க தாயே. வந்த மொத நாளே உங்க தலையில கட்டிட்டாங்க. நாளன்னைக்கு மதகு திறக்கறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள வெள்ளப் படம் வேணுமாம்.”

“யாரு சொன்னா?”

“இன்னும் யாரும் சொல்லல. இப்போ சொல்லுவாங்க பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தாழ்வாரத்தில் நாலடி வைப்பதற்குள் அது போய்விட்டது. பெஞ்சில் மடியில் துணிப்பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அளவுக்காரரின் மனைவி. ஆற்று வளைவில் ஒரு மேட்டின்மேல் இருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, மணிக்கொரு தடவை நீர்மட்டம் பார்த்து அலுவலகத்துக்குச் சொல்வது அவர் கணவரின் வேலை. போன தடவை மதகு திறந்தபோது அந்த அறைக்குள்ளேயே செத்துப்போனார்.

“மேடம், அன்னைக்கு அவருக்குச் சொன்னாங்களா? ஒரே ஒரு போனாவது போட்டாங்களா?”

மூன்று வருடம் முன்பு, நான் மாற்றலாகிப் போகும் முன்பு, என்னிடம் அவர் கேட்ட அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொன்னேன்.

“சொன்னாங்கக்கா. பதிவுல இருக்கு.”

கையிலிருந்த சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்தார். “மாசா மாசம் மொத திங்கக்கிழமை வந்துடறாங்க. சாயங்காலம் வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாங்க,” என்றான் வதந்தி, என் காதருகே.

எங்கள் கணினி அறை முன்பு பழைய கோப்புகள் கிடந்த இடம். குளிர்சாதனத்துக்காக இருந்த ஒரே ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே இடம் போதாததால் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றியிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே விளக்கு வேண்டும். முன்பெல்லாம் தூசி வாசம்தான் அடிக்கும். அன்றைக்கு ஈரச் சேற்று வாசம் அடித்தது. குளிர்சாதனம் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை இதுதான். ஆறு முழுவதையும் கணினியில் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தரை எவ்வளவு உயரம் என்று ஓர் எண். மேலே மதகில் இவ்வளவு தண்ணீர் விட்டால், கீழே எந்தக் கட்டத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழம் என்று கணக்கு ஓடும். ஓடி முடித்ததும் படமாக விரியும். ஆழம் கூடக்கூட நீலம் கறுக்கும். காய்ந்த இடம் வெள்ளை. அடியில் ஒரு பட்டை இருக்கிறது, அதை இழுத்தால் நேரம் நகரும். ஒரு கட்டத்தின்மேல் மவுஸை வைத்து அழுத்தினால், அங்கே தண்ணீர் ஏறி இறங்கியது ஒரு கோடாக வரும். அந்தப் படத்தை வைத்துத்தான், யார் யாரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும் என்று பட்டியல் எடுப்பார்கள். படத்தில் இல்லாத வீட்டுக்கு யாரும் போன் போடமாட்டார்கள்.

நான் கணக்கை ஓடவிட்டேன். ஒன்றேமுக்காலுக்கு முடிந்தது. வதந்தி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

படம் விரிந்தது. மதகிலிருந்து நீலம் புறப்பட்டு, வாய்க்கால்களில் புகுந்து, வயல்களில் பரவி, வளைவுக்கு வந்தது.

வளைவின் நடுவே ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக நின்றது.

சுற்றிலும் மூன்று மீட்டர் தண்ணீர். நடுவில் காய்ந்த தரை. ஏதோ கோளாறு என்று படத்தை மூடித் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அந்தக் கட்டம் எது என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு அதை அழித்ததே நான்தான்.

தரை உயரத்தை விமானத்திலிருந்து அளப்பார்கள். நடுவில் ஒரு பறவை பறந்தால்கூட, அது தரையில் நட்ட முள் மாதிரி பதிவாகிவிடும். அப்படிப்பட்ட முட்களையெல்லாம் மொத்தமாகச் சீவித் தள்ள ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்பது விதி. அன்றைக்கு எனக்கு நல்ல பசி, மேலதிகாரி வேறு வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ‘பதினொரு இடங்கள் சமன் செய்யப்படும். சரியா?’ என்று கணினி கேட்டது. சரி என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அளவுக்காரரின் மேடும் அறையும் அதில் போயின. கணினிக்கு அது வெறும் ஆறு. ஆற்று நடுவே யார் குடியிருக்கப் போகிறார்கள்? பட்டியலில் அவர் வரவில்லை. பட்டியலைப் பார்த்து வரிசையாகப் போன் போட்டவர் அவருக்குப் போடவில்லை. மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த மனிதர் விழித்தபோது, வெளியே தண்ணீர் இடுப்பளவு. அவருடைய கதவும் வெளிப்பக்கம் திறப்பது. தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது அதை உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒருவரால் ஆகாது. அறைச் சுவரில் தொங்கிய கடிகாரம் இரண்டு பத்தில் நின்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். விசாரணையில், ‘எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் உறங்கியதால் நேர்ந்த மரணம்’ என்று எழுதி முடித்தார்கள். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது அதே சீவிய தரையைத்தான் ஓட்டியிருந்தேன். அதில் அந்த மேடு கிடையாது. அந்தக் கட்டம் வெள்ளையாக இருக்க வழியே இல்லை.

அதன்மேல் அழுத்தினேன். கோடு வந்தது. முதலில் பூஜ்யம். அப்புறம் ஐந்து சென்டிமீட்டர், பத்து, பதினைந்து. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து ஏறுகிற வேகம். அந்தக் கோடு வழவழப்பாக இல்லை. சின்னச் சின்னப் புடைப்புகள். மூன்று புடைப்பு, ஓர் இடைவெளி. மூன்று புடைப்பு, ஓர் இடைவெளி.

யாரோ தண்ணீருக்குள் நின்று கதவைத் தட்டினால் நீர்மட்டம் அப்படித்தான் அதிரும்.

அடிப் பட்டை தானாக நகர்ந்தது. நான் மவுஸைத் தொடவில்லை.

இரண்டு பத்தில் நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் இரண்டு பத்து.

படத்தில் வளைவு முழுக்க நீலமாகிவிட்டது. வெள்ளைக் கட்டம் அங்கே இல்லை. தேடினேன். இடது கரையில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எந்த வெள்ளமும் எட்டாத எங்கள் கட்டடத்தில் இருந்தது. அதைச் சுற்றிலும் கருநீலம்.

நான் எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பூட்டியிருந்தால் கதவு கொஞ்சமாவது ஆடும், சத்தம் போடும். இது சுவரைத் தள்ளுவது மாதிரி இருந்தது. காது அடைத்தது. அடைத்த ஜன்னலின் செங்கலுக்கு அந்தப் பக்கம் ஏதோ சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வதந்திக்குப் போன் போட்டேன். ஓடி வந்தான். கதவின் அந்தப் பக்கம் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

“வெளிய தண்ணி இருக்கா?”

“தண்ணியா? ஒரு சொட்டு இல்ல. என்னாச்சு உங்களுக்கு?”

“இழு. கதவ இழு!”

அவன் இழுப்பது தெரிந்தது. மூச்சு வாங்கினான். அப்புறம் போனில் அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

“தாயே, விளையாடாதீங்க. நீங்க ஏன் உள்ள பிடிச்சு இழுக்கறீங்க?”

நான் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கணினியைத் திரும்பிப் பார்த்தேன். கோடு அறுபது சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. தரை காய்ந்துதான் கிடந்தது. ஆனால் என் துப்பட்டாவின் நுனிகள் மெல்ல மேலே எழுந்தன. எழுந்து, தொடை உயரத்தில், விரிந்து மிதந்தன.

ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழித்த மேட்டின் உயரத்தை மறுபடி தட்டி ஏற்றினேன். பட்டியலில் ‘அளவுக்காரர் அறை, ஒரு நபர்’ என்று சேர்த்தேன். “போதுமா? சேத்துட்டேன். போதுமா?” என்று யாரிடமோ கெஞ்சினேன்.

தொண்ணூறு. நூற்றிப் பத்து.

துப்பட்டா மார்பு உயரத்துக்கு வந்தது. மூச்சு பாதியில் நின்றது. முதுகில் கிடந்த என் சடை பாரமில்லாமல் தூக்கிக்கொண்டு, தோளைத் தாண்டி, முகத்துக்கு முன்னால் வந்து மிதந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவுக்காரர் கேட்டது மேட்டை இல்லை. மூன்று வருடமாக ஒரே கேள்விதான் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் அவர் வாயால் இல்லை, அவர் மனைவியின் வாயால்.

“வதந்தி... பெஞ்சில இருக்காங்களே, அந்த அக்காகிட்ட போனக் குடு.”

“இப்பவா?”

“குடுடா!”

துணிப்பை உரசும் சத்தம். “சொல்லுங்க மேடம்.”

“அக்கா, அவருக்கு யாரும் சொல்லல. ஒரு போன்கூடப் போகல. அவர் மேல தப்பே இல்ல. படத்துல இருந்து அவர் ரூம அழிச்சது நான். தெரிஞ்சும் மூணு வருஷமா பொய் சொன்னேன்.”



சடை பொத்தென்று மார்பில் விழுந்தது. கதவு திறந்துகொண்டது, அவ்வளவு லேசாக.

வதந்தி முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இத எத்தன தடவ கேட்டேன்,” என்றார். அப்புறம் என்னைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தார். “நீங்க பேசும்போது பின்னாடி தட்டிக்கிட்டே இருந்தாரு. மூணு மூணா. வேலை முடிஞ்சு வந்தா வீட்டுக் கதவ அப்படித்தான் தட்டுவாரு.”

காலியான அறையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “சரி, வாங்க. போலாம்.”

துணிப்பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். ஒருவர் போக இடம் விட்டு, சுவரோரமாகவே நடந்தார். அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் அவர் வரவில்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மதகு திறப்பதைத் தள்ளிவைத்தார்கள். சாயங்காலம், வதந்தியைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, படத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

வளைவு நீலமாக, சாந்தமாக இருந்தது.

மற்ற இடங்களில், ஆற்றின் நீளத்துக்கும், மத்தியானம் இல்லாத வெள்ளைக் கட்டங்கள். எண்ணினேன். பத்து.

பதினொரு இடங்கள் சமன் செய்யப்படும். சரியா?

நான் அழித்தது ஒரு மேட்டை, மற்ற பத்தும் வெறும் பறவைகள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன், ஏனென்றால் ஒருவருக்காகத்தான் ஒருத்தி கேட்டு வந்தாள். மற்றவர்களுக்காகக் கேட்டு வர ஆள் மிஞ்சவில்லை. ஒவ்வொரு கட்டமாக அழுத்தினேன். ஒவ்வொன்றிலும் கோடு அதிர்ந்தது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக. ஒன்று நிதானமாக இரண்டிரண்டு. ஒன்று விடாமல் தொடர்ந்து. ஆற்றுக்குக் கடைசியில் இருந்த ஒன்றில் புடைப்புகள் மிகச் சின்னதாக, படபடவென்று இருந்தன. சின்னக் கை.

எனக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், பதவியைக் குறைத்தார்கள். வேறு ஊருக்கு மாற்றுவதாகவும் சொன்னார்கள். வேண்டாம், இந்த அறையே போதும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில், கரையோரமெல்லாம் அலைந்து, ஏழு பேர் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். படகு பழுது பார்த்தவர் ஒருவர். தோட்டக் காவலுக்குக் கொட்டகையில் தனியாகக் கிடந்தவர் ஒருவர். யாராவது தூரத்து உறவைத் தேடிப் பிடித்து, நேரில் போய்ச் சொல்வேன். சொன்ன அன்றே அந்தக் கட்டம் நீலமாகிவிடும். இன்னும் மூன்று மிச்சம். சின்னக் கையைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

கதவை வதந்தி எப்போதோ கீலோடு கழற்றி, தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிட்டான். இப்போது அந்த அறைக்கு வெறும் நிலைச்சட்டம்தான். அதன் வழியாகப் பெஞ்சு தெரியும், போகிற வருகிற ஆட்கள் தெரிவார்கள்.

தினமும் இரண்டு பத்துக்கு நான் எழுந்து போய், அந்தக் காலி வாசலில் கையை நீட்டிப் பார்ப்பேன்.

இல்லாத கதவில் முட்டும்.

அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டு போவார்கள். இந்தப் பக்கம், என் முழங்கால் உயரத்தில், படபடவென்று தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.