ஐந்தாவது நீலக் கேன்

தாராவியில் அந்தச் சந்துக்குத் தண்ணீர் வருவது காலை ஐந்து மணிக்கு. பத்து வயது மாரீஸ்வரிக்குத் தூக்கம் சொக்குவதும் சரியாக அப்போதுதான். என்ன செய்வது? அம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டும். கொட்டாவி விட்டுக்கொண்டே தினமும் குழாயடிக்குப் போவாள்.

அங்கே இருபது வீட்டுக் கேன்கள் வரிசையாக நிற்கும். அத்தனையும் நீலம், அத்தனையும் ஒரே அளவு. ஒன்றிலும் பெயர் கிடையாது. முக்காலியில் உட்கார்ந்திருக்கும் சொரிமுத்து தாத்தாதான் வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, கேன் நிரம்ப நிரம்ப ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எழுபது வயது, தனி ஆள். அந்த வேலை அவருக்கு உயிர்.

திங்கட்கிழமை வந்தது வினை.

"சுரேந்திரா, அஞ்சாவது உன் கேன்!" என்றார் தாத்தா.

தூக்கிக்கொண்டு போன சுரேந்திரன் மாமா, போன வேகத்தில் திரும்பி வந்தார். அவருக்கு இருபத்தெட்டு வயது. கோபம் மட்டும் ஐம்பது பேருக்குக் காணும்.

"இது என் கேனே இல்ல, உள்ள ஒரே பாசி! பெருசுக்கு வயசாயிட்டு. இனி ஞாபகம் எங்க நிக்கும்?"

மறுநாள் ஆளாளுக்குத் தாத்தாவைச் சுற்றி நின்றார்கள். "தாத்தா, ஞாபகம் இருக்கா?" "என் பேரு தெரியுதா?" என்று ஒரே சிரிப்பு. தாத்தாவுக்கு நாக்குக் குழறியது. நிஜமாகவே மூன்று பேரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்.

புதன்கிழமை, இனித் தாத்தா கூப்பிடத் தேவையில்லை என்று சுரேந்திரன் மாமா நம்பர் போட்ட டோக்கன் அட்டைகளோடு வந்தார். தாத்தா எழுந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாரீஸ்வரியிடம் வந்தார்.

"நான் வாரேன் தாயி. எல்லாரும் சொல்லுதது சரிதான். மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு."

மாரீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை, உட்கார இடமில்லாமல் ஐந்தாவது கேனை நகர்த்திவிட்டுக் குட்டித்தூக்கம் போட்டது யார்? அவள்தான். விழித்ததும் அதை, ஆறாவதாக இருந்த தன் கேனுக்குப் பின்னால் வைத்தது? அதுவும் அவள்தான்! சொன்னால் திட்டு நிச்சயம். சொல்லாவிட்டால் தாத்தா போய்விடுவார்.

"போவாதீங்க தாத்தா! அன்னிக்குக் கேனை மாத்தி வச்சது நான்தான். அந்தப் பாசிக் கேன் எங்க வீட்டுது."

"அப்ப நேத்து மூணு பேரைத் தப்பாச் சொன்னாரே?" என்றார் மாமா விடாமல்.

"இத்தன பேரு சுத்தி நின்னு ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கான்னு கேட்டா எனக்கே ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோவும் மாமா! கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எல்லாரும் தள்ளி நின்றார்கள்.

"அப்ப அன்னிக்கு நான் மறக்கலியா தாயி?" என்று கேட்டார் தாத்தா.

"இல்லவே இல்ல தாத்தா."

முக்காலி பழைய இடத்துக்கு வந்தது. "செண்பகவல்லி... காலித்... சபுரா..." முதலில் மெதுவாக, பிறகு கடகடவென்று பெயர்கள் வந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

சுரேந்திரன் மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தண்ணீர் தளும்பத் தளும்பத் தன் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"ஏலே சுரேந்திரா! மூடிய மறந்துட்டுப் போறியே!" என்று கத்தினார் தாத்தா.

மாரீஸ்வரி ஒரு பெரிய கொட்டாவி விட்டாள்.

"விடுங்க தாத்தா, மாமாவுக்கு வயசாயிட்டு."