கூடிப்போன ஆயில்

ஃபிரிஸ்கோவில் இருந்த ஹாஜா நஜ்முதீனின் கார் பட்டறைக்கு ஷ்யாமளா சனிக்கிழமை காலையில் வந்தாள். காரில் என்ன கோளாறு என்று கேட்டதற்கு, அவள் ஒரு திருடனைப் பற்றிப் பேசினாள்.

"எங்க வீட்லயே ஒருத்தர் இந்தக் கார்லேருந்து பெட்ரோல் எடுக்கறார். எப்படி எடுக்கறார்னு நீங்க செக் பண்ணிச் சொல்லணும்."

ஹாஜா ஒரு எஞ்சின் சோதனைக்கூடத்தில் நெடுநாள் இன்ஜினியராக இருந்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்தவர், எதற்கும் பதறமாட்டார். அவரோடு பட்டறையை நடத்தும் மனைவி சாலிஹா நேர் எதிர். பேச்சு காதில் விழுந்ததுமே கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"யாருங்க அந்த ஒருத்தர்?"

"சேனாபதின்னு, எங்க வீட்டுக்காரரோட காலேஜ் ஃப்ரெண்ட். லே ஆஃப்ல வேலை போனதுலேருந்து எங்க வீட்லதான் இருக்கார்."

சொல்லச் சொல்ல ஷ்யாமளாவுக்கே வாய் கசந்தது. கொஞ்ச நாளாகப் பெட்ரோல் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. வீட்டு கராஜுக்குள் நுழைந்தால் பெட்ரோல் நெடி. நேற்று துவைக்க எடுத்த சேனாபதியின் சட்டைக் கையிலும் அதே நெடி. அவள் கணவனிடம் சொன்னாள். சிவராமகிருஷ்ணன் சேனாபதியிடம் நேராகவே கேட்டுவிட்டான். ஆயில் செக் பண்ணியபோது ஒட்டியிருக்கும் என்றான் சேனாபதி. ஆயில் அளவு முன்னைவிடக் கூடியிருக்கிறது, கவனி என்றும் சொன்னான்.

"சிவாவுக்குக் கோவம் வந்துடுச்சு. 'கார்ல ஆயில் குறையும், எங்கயாவது கூடுமா? பொய்யைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையே'ன்னு கத்திட்டார். வேற இடம் பாத்துக்கோன்னு சொல்லிட்டார்."

"மாட்டிக்கிட்டார் பாருங்க!" என்றாள் சாலிஹா. "ராத்திரியில எடுத்து ஓட்டறாரோ என்னவோ."

ஹாஜா ஷ்யாமளாவிடம் திரும்பினார். "ஃபுல் டேங்க் போட்டா முன்னாடி போன தூரம் இப்பவும் போகுதா?"

"இல்லையே. ரொம்பக் கம்மியாயிடுச்சு."

"ஸ்டார்ட் ஆகறதுல பிரச்சினை உண்டா?"

"கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து கீயைத் திருப்பினா, ரொம்ப நேரம் இழுக்கும். அப்புறம் பின்னாடி கறுப்பா புகை விடும். பழைய காருன்னு விட்டுட்டோம்."

ஹாஜா பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது. மோந்து பார்த்துவிட்டு அதை ஷ்யாமளாவிடம் நீட்டினார். கராஜில் அடித்த அதே நெடி.

"உங்க வீட்டுக்காரரையும் அந்த ஃப்ரெண்டையும் வரச் சொல்லுங்க," என்றார்.

இருவரும் ஒரே டாக்ஸியில் வந்தார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அதற்குள் ஹாஜா எரிபொருள் குழாயில் அழுத்தமானியை மாட்டியிருந்தார். எஞ்சினை அணைத்த பிறகும் நிற்க வேண்டிய முள் சரசரவென்று இறங்கியது.

"பம்ப் போயிருக்குமோ?" என்றாள் சாலிஹா.

"பம்ப் போனாலும் முள் இறங்கும். ஆனா ஆயில்ல பெட்ரோல் எப்படி வரும்?" என்றபடி நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வைத்தார். மூன்று உலர்ந்திருந்தன. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் கரி படிந்து, ஈரமாக இருந்தது.

பிறகு சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கையும் குழாயோடு வெளியே தூக்கி, நழுவாமல் கட்டினார். தீப்பொறிக்கு வழியில்லாதபடி இணைப்புகளைப் பிடுங்கிவிட்டு, கீழே வெள்ளை அட்டை விரித்தார். சாலிஹா தீயணைப்பானோடு நின்றாள். எஞ்சின் ஓடாமல், பம்ப் மட்டும் ஓடியது. நான்கு முனைகளும் வறண்டிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவதன் நுனியில் ஒரு துளி திரண்டு, அட்டையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"உங்க திருடன் இதுதான்," என்றார் ஹாஜா. "காரை உங்களுக்குத் தெரியாம எடுத்து ஓட்டியிருந்தா மைல் கூடியிருக்கும், ஒரு டேங்குக்குப் போற தூரம் குறையாது. டேங்க்லேருந்து உறிஞ்சியிருந்தா தூரம் குறையும். ஆனா கறுப்புப் புகை வராது. இந்த இன்ஜெக்டர் சரியா மூடல. வண்டி நின்னப்புறமும் சொட்டுது. அந்தப் பெட்ரோல் சிலிண்டருக்குள்ள தேங்கறதாலதான் சட்டுனு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கறுப்பா புகையும் வருது. மிச்சம் கீழே வழிஞ்சு ஆயில்ல கலக்குது. அதான் ஆயில் கூடுது."

அவர் சேனாபதியைப் பார்த்தார். "சார் சொன்ன மத்ததையெல்லாம் யார் வேணா சொல்லலாம். ஆயில் கூடியிருக்குன்னு ஒருத்தர் பொய் சொல்ல மாட்டார். நம்பவே முடியாத பொய்யை எதுக்குச் சொல்லணும்? கம்பியை உருவிப் பாத்தவர்தான் அதைச் சொல்ல முடியும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா எஞ்சினே போயிருக்கும்."

சாலிஹா தீயணைப்பானைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

புது இன்ஜெக்டரும் ரப்பர் வளையங்களும் மாட்டி, ஆயிலை மாற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஷ்யாமளாதான் முதலில் எழுந்து சேனாபதியிடம் போனாள்.

"சட்டையைப் பத்திச் சொன்னது நான்தான், சேனாபதி. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"வாசனை இருந்துச்சே, ஷ்யாமளா. நீங்க இல்லாததைச் சொல்லல," என்றான் அவன்.

சிவராமகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றான். "மன்னிச்சுடுடா. வீட்டுக்கு வா."

"மன்னிச்சாச்சுடா," என்றான் சேனாபதி. குரலில் கோபம் இல்லை. "ஆனா வரல. காலையிலேயே ரூம் பேசிட்டேன். என்னை அங்க விட்டுடுங்க."

ஷ்யாமளா ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். தொட்டதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டு மூவரில் ஒருவர் முகமும் மலரவில்லை. அட்ரஸைக் கேட்டுக்கொண்டு அவள் காரை வெளியே எடுத்தாள்.