வலது பக்க விளக்கு

அந்த விளக்கு வளைவில் சாயவில்லை.

நோன்பு திறக்கக் கால் மணி நேரம் இருந்தது. தில்ஷாத் பேகம் கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, புகை போகட்டும் என்று சமையற்கட்டின் ஜன்னலைத் திறந்தாள். மழை விட்டிருந்த மலை, நனைந்த கம்பளியைப் போலக் கனத்துக் கிடந்தது. இருட்டு இன்னும் முழுதாக விழவில்லை. ஆனாலும் பாதையில் வண்டிகள் விளக்கைப் போட்டுவிட்டன. மரங்களுக்கு நடுவே அவை தெரிவதும் மறைவதுமாக இறங்கிக்கொண்டிருந்தன.

அந்த விளக்குகளைப் பிரித்தறிய இலியாஸ்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். கல்யாணமான புதிதில், இதே ஜன்னலில், தோளோடு தோள் நின்று. மண்ணெண்ணெய் விளக்கு போலச் செம்மஞ்சளாக வந்தால் பழைய ஜீப். அதில் கண்ணாடியும் இழையும் ஒரே உருண்டையாக இருக்கும், போனால் மொத்தமாக மாற்ற வேண்டும், அது சீல்டு பீம். வெள்ளையாகக் கூர்ந்து வந்தால் ஹாலஜன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பல்ப், அதை மட்டும் மாற்றினால் போதும். உயரத்தில் அகலமாக இரண்டு வந்தால் பஸ். அருவி பார்க்க வெளியூரிலிருந்து வரும் கார்களில் மட்டும் இப்போது நீலமாக ஒன்று எரிகிறது. அது கண்ணில் ஊசியாய் இறங்கும். ஒற்றையாக வந்தால் பைக். பைக் என்றால் வளைவில் சாயும்.

இது ஒற்றை. வெள்ளை. வளைவுக்கு வளைவு நிமிர்ந்தபடியே திரும்பியது.

அப்படியானால் அது பைக் இல்லை. இரண்டில் ஒரு விளக்கு எரியாத நாலு சக்கர வண்டி.

பன்னிரண்டாம் வளைவு வரைக்கும் வந்து அது அணைந்தது. மறைந்திருந்தால் அடுத்த வளைவில் மறுபடி தெரிந்திருக்க வேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிக்கும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தெரியவில்லை.

"அம்மா, பேரீச்சம்பழம் வாயில போடலாமா?" என்றாள் அதீபா. ஒன்பது வயது. முதல் வருஷ நோன்பு.

"போடு கண்ணு," என்றாள் தில்ஷாத், திரும்பாமல்.

மறுநாள் மதியத்துக்கு மேல், மலைமேல் குண்டனி நாட்டு ஊர்களுக்கு ஜீப் ஓட்டும் மாதன் கடைக்கு வந்தான். இலியாஸ் நடத்திய மோட்டார் எலக்ட்ரிக் கடை அது. அடிவாரத்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஒரு வருஷமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"ஏனுங்கக்கா, நம்ம ஜீப்புக்கு ஒரு கண்ணு போயிருச்சுங்க. சீல்டு பீம் ஒண்ணு குடுங்க."

"ஹாலஜனுக்கு மாத்திக்கலாமில்லீங்க?"

"ஐயோ வேண்டாங்க. மேல பனியில வெள்ளை லைட்டப் போட்டா எதுக்க செவுரு கட்டுன மாதிரி நிக்குது. அதுமில்லாம என்ற ஊட்டுக்காரி மஞ்ச லைட்டு வளைவு திரும்புறதப் பாத்துத்தான் சோறு எடுத்து வெப்பா. வெள்ளையா வந்தா எவனோன்னு கதவச் சாத்திக்குவா."

தில்ஷாத் சிரித்தாள். அட்டைப் பெட்டியை எடுத்து வரச் சொன்னாள். அதீபா பாவாடை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குவது போல அதைத் தூக்கி வந்தாள்.

"ஏன் சாமி, லைட்டு கடிச்சிருமா?" என்றான் மாதன்.

அதீபா பாவாடை நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இதத் தொட்டா ஒண்ணும் ஆகாது கண்ணு," என்று தில்ஷாத் சொன்னாள். குழந்தை பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நேத்து நோன்பு திறக்கிற நேரம், நான் மேல ஏறிக்கிட்டிருந்தேனுங்க. எதுக்க ஒத்தை லைட்டு. பைக்குதானேன்னு நடு ரோட்டுலயே ஏறுனேன். கிட்ட வந்தப்புறம் பாத்தா லைட்டு நடு ரோட்டுப் பக்கம் இருக்குது, அதுக்கந்தாண்ட கருப்பா வேனு ஒடம்பு. ஸ்டீயரிங்க ஒடிச்சுட்டேன். திட்டலாம்னு திரும்பிப் பாக்குறேன், ஒண்ணையுங் காணோம்."

"எத்தனாவது வளைவுங்க?"

அவன் உள்வாசலைப் பார்த்தான். "அதச் சொல்ல வேண்டாம்னு பாத்தேனுங்க. பன்னெண்டு."

அவன் போனபிறகு வெகுநேரம் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். போன வருஷ நோன்பில் இலியாஸ் வேனில் குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது வலது விளக்கு வழியிலேயே போய்விட்டது. இடது மட்டும் எரிந்தது. ஓரமாக ஒரு விளக்கு வருவதைப் பார்த்த பஸ் டிரைவர், பைக்குக்கு இவ்வளவு இடம் போதும் என்று நினைத்து ஏறி, பன்னிரண்டாம் வளைவில் வேன்மீது மோதினார். வலது விளக்குதான் எதிரே வருகிறவனுக்கு வண்டியின் அகலத்தைச் சொல்லும்.

அன்று எரிந்தது இடது. இப்போது இறங்கி வருவது, அன்று அணைந்தது.

அந்த வலது பல்ப் புதிது. அன்று மதியம்தான் மாட்டினான். அவசரம் அவனுக்கு, வண்டியின் முன்னால் குனிந்துகொண்டே கையை நீட்டினான். தில்ஷாத் மகளுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதீபா ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். பெட்டியைத் திறந்து, பல்பைக் கண்ணாடியில் பிடித்து எடுத்து அவன் கையில் வைத்தவள் தில்ஷாத். ஹாலஜன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறிப் பல்ப் போய்விடும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்வாள். அன்று தேங்காயெண்ணெய் சொட்டும் கட்டைவிரல்.

அடக்கம் முடிந்த மறுநாள் இலியாஸின் அண்ணன் ஜெய்லானி கேட்டார். "புது பல்பு எப்படிம்மா போகும்? கண்ணாடிய யாராச்சும் தொட்டீங்களா?"

கூடம் நிறைய ஆட்கள். அவள் வாய் தானாகச் சொன்னது. "அதீபாதானுங்க எடுத்துட்டு வந்துச்சு."

பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த கொடுமை. ஜெய்லானி பெருமூச்சு விட்டு, "பச்சப்புள்ள, அதுக்கென்ன தெரியும்," என்று குழந்தையின் தலையைத் தடவினார். அதீபா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணாடி எதையும் வெறும் கையால் தொடுவதில்லை. தண்ணீர்கூட எவர்சில்வர் டம்ளரில்தான். தூக்கத்தில் சில நாள் கையைப் பாயில் தேய்த்துக்கொண்டே இருப்பாள், எண்ணெயைத் துடைப்பது போல.

எத்தனையோ முறை சொல்லிவிட நினைத்திருக்கிறாள் தில்ஷாத். நாக்கு வரைக்கும் வரும். இருக்கிற ஒரே ஆளும் தன்னை அந்தக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எதற்கு எழுந்து அடுப்பு மூட்டுவது என்று தோன்றும். விழுங்கிவிடுவாள்.

மாதன் வந்துபோன அன்று மாலை அந்த விளக்கு பன்னிரண்டாம் வளைவில் அணையவில்லை. அதையும் தாண்டி இறங்கி, அடிவாரத்திலிருந்து ஐந்தாம் வளைவு வரைக்கும் வந்தது.

அதற்கு மறுநாள், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நோன்பு திறந்ததும், கஞ்சி குடித்து முடித்ததும், மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவில் உடம்பு கொஞ்சம் இலேசானது. ஜன்னலைத் திறக்கவில்லை. கடையிலேயே, பின்சுவர் ஓரமாகப் பாய் விரித்து, கிண்ணங்களை வைத்தாள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் அது. மாட்டிக்கொடுக்கும் விளக்குகளை அதில் அடித்துப் பார்த்துத்தான் இலியாஸ் ஏற்ற இறக்கம் சரிசெய்வான்.

பாங்கு சொல்லும் நேரத்தில் மின்சாரம் போனது.

தெரு அடங்கியது. எல்லோரும் உள்ளே போய்விட்ட நேரம். ஈரமண் வாசனைக்குள் இன்னொரு வாசனை மெல்ல நுழைந்தது. சட்டி காய்ந்தபின் ஊற்றிய தேங்காயெண்ணெய் வாசனை. அடுப்பில் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு சக்கரம் சரளையில் உருளும் சத்தம். என்ஜின் சத்தம் இல்லை. சக்கரம் மட்டும்.

ஷட்டரை இறக்க எழுந்தாள். எழ நினைத்தாள்.

வெளிச்சம் உள்ளே வந்தது.

கடைக்கு முன்னால் அது நின்றது. ஒற்றை விளக்கு. அதன் பக்கத்தில், இன்னொரு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், இருட்டு. பின்னால் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் மேஜையைத் தாண்டி, கிண்ணங்களைத் தாண்டி, சுவரில் வட்டமாக விழுந்தது.

வட்டத்துக்குள் கோடுகள்.

மெல்லிய, வளைந்த, கறுப்புக் கோடுகள். ஒன்றுக்குள் ஒன்று சுழன்று, நடுவில் முடிந்தன. தரையிலிருந்து கூரை வரை. ஒரு கட்டைவிரல் ரேகை.

அதை அறுத்துக்கொண்டு குறுக்கே ஒரு தழும்பு.

தில்ஷாத் தன் வலது கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்தாள். கல்யாணமான வருஷம், உடைந்த சீல்டு பீம் கண்ணாடி கிழித்த தழும்பு. இலியாஸ்தான் மஞ்சள் வைத்துக் கட்டினான்.

அதீபா எழுந்து சுவருக்கு அருகில் போனாள். அவளுக்குப் பயம் இல்லை. தன் கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். சுவரைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி சுவரை.

"என்ற வெரல் இல்லம்மா இது," என்றாள்.

சொல். இப்போது சொல்.

அவள் கட்டைவிரலை முந்தானைக்குள் இன்னும் இறுக்கினாள்.

குழந்தை வந்து, முந்தானையை விலக்கி, அம்மாவின் கட்டைவிரலைப் பிரித்துப் பார்த்தாள். கோபப்படவில்லை. ஒரு வருஷமாகச் சுமந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவளைப் போல மூச்சு விட்டாள். அதுதான் தில்ஷாத்தால் தாங்க முடியாததாக இருந்தது.

"அத்தாகிட்டச் சொல்லிட்டு வாரேன்," என்றாள். இலியாஸ் அவளுக்கு எப்போதும் அத்தாதான்.

"போகாத கண்ணு."

சொன்னாளா, நினைத்தாளா, தெரியவில்லை.

அதீபா நடந்தாள். வெளிச்சத்தை நெருங்க நெருங்க, சுவரில் அவள் நிழல் பெரிதானது. ரேகையை மூடியது. தழும்பை மூடியது. சுவர் முழுவதும் குழந்தை.

வெளியே, அவள் பாவாடையைச் சுற்றாத வெறும் கையை நீட்டி, விளக்கின் கண்ணாடிமேல் வைத்தாள்.

விளக்கு தாழ்ந்தது. உயர்ந்தது. தாழ்ந்தது. வீடு வந்துவிட்டால் இலியாஸ் அப்படித்தான் செய்வான்.

மறுபடி உயர்ந்தபோது, சுவரில் நிழல் இல்லை. விளக்கின் முன்னால் குழந்தையும் இல்லை.

இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டு விளக்கும் எரிந்தன. வலது வட்டத்தில் தில்ஷாத்தின் ரேகை, தழும்போடு.

இடது வட்டம் சுத்தமாக இருந்தது.