பதினான்காவது இடுக்கி

ஷர்வின் கோப்பியைக் கோப்பையில் ஊற்றவில்லை. கோப்பைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, வெறும் மேசைமேல் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

“டேய், மேசை குடிக்குதுடா,” என்றாள் ரூபினி.

“கோப்பைதான் நகர்ந்திருச்சுக்கா. பேய் வேலை லா.” சிரித்தான்.

ஆயர் ஈத்தாம் பாசாரின் மீன்கடைக் கவுச்சியும், பக்கத்து வீட்டு ஊதுபத்தி வாடையும், மலையிலிருந்து இறங்கும் அந்திமழையின் இரைச்சலும் சன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, அவள் மேசையைத் துடைத்தபடியே தம்பியின் தலையைப் பார்த்தாள். காதுக்கு மேலே முடி முளைக்காத தழும்பு. அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் புக்கிட் தெங்கா ஃபேக்டரி வாசலில் அவன் மோட்டார்சைக்கிள் சறுக்கியது. மண்டைக்குள் இரத்தக்கட்டு. அவள் அறுவைக் கருவிகளைக் கழுவி நீராவியில் வேகவைக்கும் அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவசரம். அவன் அறுவைக்கு எடுத்த கருவித் தட்டில் ஓர் இடுக்கியின் முனை வளைந்திருந்தது. அங்கே எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பக்கத்துத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். அதையெல்லாம் யாரும் எழுதிவைப்பதில்லை. அவன் பிழைத்தான். இடுக்கியைக் கழுவிப் பக்கத்துத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துத் தலைமைத் தாதி சலேஹா எல்லோரையும் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்துத் தட்டு, அதற்கு முன் ஒரு கிழவரின் மூளையிலிருந்து சதை கிள்ளி எடுக்கப் பயன்பட்டது. அந்தச் சதைப் பரிசோதனையின் முடிவு இப்போதுதான் வந்திருந்தது.

“கிருமின்னா கொன்னுடலாம். இதுக்கு உயிரே இல்ல. கோணலா மடிஞ்ச புரதம். இரும்புல ஒட்டிக்கும். நம்ம நீராவியெல்லாம் இதுக்குக் குளியல் மாதிரி.”

நரம்பணுவின் மேல்சவ்வில் நல்ல புரதம் நிற்குமாம். கோணல் அதைத் தொட்டு, தன்னைப்போலவே வளைத்துவிடும். வளைந்தவை கூடிக்கூடிச் சவ்வைக் குலைக்கும். அணு கசியும், கிளைகள் சுருங்கும், சாகும். மூளை பஞ்சுபோல் ஓட்டையாகும். வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு சின்னச் சத்தத்துக்கே உடம்பு துள்ளும்; சிலருக்குப் பார்வைதான் முதலில் போகும்.

“எரிக்கணும். அந்தத் தட்டுல பதினாலு இடுக்கியும் இருக்கா? எதையும் மாத்தலையே?”

“இருக்கு,” என்றாள் ரூபினி. “மாத்தல.”

அன்றிலிருந்து அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் பெயர் மறக்கிறானா, படியில் தடுக்குகிறானா, தூங்குகிறானா. தனியாக. யாரிடமும் சொல்லாமல்.

இப்போது அவள் கையிலிருந்து கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

ஷர்வினின் உடம்பு முழுதும் ஒருமுறை துள்ளி அடங்கியது.

மழைச் சத்தம். பயந்திருப்பான். அவ்வளவுதான். அவள் கரண்டியை எடுத்தாள். வேண்டுமென்றே போட்டாள்.

துள்ளினான்.

மறுபடியும்.

துள்ளினான்.

“சும்மா இரு லா. என்ன விளையாட்டு இது?” பிறகு கழுத்தைத் திருப்பி, “கரண்ட் போயிருச்சா?” என்றான்.

தலைக்கு மேலே டியூப் லைட் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

“லைட்டைப் போடுக்கா.”

 சுவரோரம் போனாள். சுவிட்சை அணைத்தாள். போட்டாள். வெள்ளை வெளிச்சம். மேசை. ஈரம். அவன் விரிந்த கண்கள்.

“போட்டுட்டேன்டா.”

“எங்க போட்ட?”

சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். அவள் முகத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி.